ஆக்குப்புரைக்குப் பின்னால் நாணல்

செந்திலு,

ஆடி பிறந்துவிட்டதால் நம் கல்யாண மண்டபத்தில் ஆள் அரவமே இல்லை. ஆவணி வரை ஒரு முகூர்த்தமும் கிடையாது. உங்கப்பா நாற்காலிகளைக் கழுவி அடுக்கிவிட்டு, மத்தியானச் சாப்பாடு முடிந்து அசந்து தூங்குகிறார். நீ வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் மணமேடைப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளைச் சாயங்காலம் மைசூர் வண்டியில் நீ பெங்களூருக்குப் போகிறாய். சொல்லவேண்டியதை நேரிலேயே சொல்லலாமே, இதற்கு எதற்கு ஒரு கடிதம் என்று தோன்றும் உனக்கு. நேரில் நான் வாயைத் திறந்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று போனைக் கையில் எடுத்துக்கொள்வாய். நானும் பாதியில் அழுதுவிடுவேன். அழுதுகொண்டே சொன்னால் நான் அழுததுதான் உனக்கு நினைவிருக்கும், சொன்னது நினைவிருக்காது.

வெளியில் சாப்பிடாதே, எண்ணெய் தேய்த்துக் குளி என்பதெல்லாம் இதில் இல்லை. நீ ஓமனிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதை ஒருமுறை முழுசாகச் சொல்லித்தான் உன்னை அனுப்பவேண்டும் என்று நினைக்கிறேன்.

திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கிய உன்னை உங்கப்பாதான் போய்க் கூட்டிவந்தார். போகும்போது மூன்று பெட்டியோடு போனவன், தோளில் ஒரு பையோடு வந்து நின்றாய். வேலை நடந்த இடத்தில் ஒரு விபத்து, கூட வேலைபார்த்தவர் ஒருவர் இறந்துபோனார் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாய். உனக்கு அடி ஒன்றும் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நான் முருகனுக்கு விளக்குப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். உன் முகத்தைப் பார்த்த பிறகுதான், அடி உனக்கும்தான் பட்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பட்டிருக்கிறது என்று தெரிந்தது. வீட்டில் உன் கட்டிலைத் தட்டிப்போட்டு வைத்திருந்தேன். நீ அதில் படுக்கவில்லை. மண்டபத்து மாடியில் மாப்பிள்ளை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். கல்யாணம் நடக்கும் நாட்களில் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாய். கூட்டம் கலைந்ததும் மறுபடி மேலே போய்விடுவாய். யார் யாரோ மாப்பிள்ளைகள் பவுடர் பூசிப் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு இறங்கிப்போன அறையில், நீ தாடியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாய்.

உங்கப்பா வாயால் ஒன்றும் கேட்கமாட்டார், உனக்குத் தெரியும். காலையில் மாடிப்படிக்குக் கீழே நின்று, "ஏலே, டீ குடிக்கப் போவமா?" என்று ஒரு குரல் கொடுப்பார். பதில் வராது. கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு தனியாகப் போய் ரோட்டோரக் கடையில் குடித்துவிட்டு, தூக்குவாளியில் உனக்கும் வாங்கிவந்து படியில் வைத்துவிட்டுப் போவார். சில நாள் அது ஆறி ஆடைகட்டிக் கிடக்கும். மறுநாளும் வாங்கிவருவார். சாத்தான்குளத்திலிருந்து உன் அத்தை வந்தவள், "ஒரு பொண்ணப் பாத்து முடிச்சு வையுங்க மதினி, எல்லாம் தன்னால சரியாப் போயிரும்" என்றாள். ஒரு வீட்டுப் பெண்ணை மருந்து வாங்குவதுபோல வாங்கிக் கொடுக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. திருநெல்வேலியில் நல்ல டாக்டர் இருக்கிறார், போய்ப் பார்க்கலாமா என்று உன்னிடம் கேட்டேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றைக்கு நான் மேடையில் இதே படியில்தான் வந்து உட்கார்ந்தேன். எதிரில் மறுநாள் கல்யாணத்துக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பேச்சியக்காவோடு தகராறு முற்றியது. அவளுக்கும் நமக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். வீட்டுக்காரர் போன பிறகு ஒற்றை ஆளாக அந்தப் பிச்சிப்பூத் தோட்டத்தை வைத்துப் பிழைக்கிறவள். நம் மண்டபத்து மாலைக்கே அவள் பூதான் வரும். கல்யாணச் சமையல் நடக்கும் நம் ஆக்குப்புரையின் கழிவுத் தண்ணீர், சோறு வடித்த கஞ்சியும் எண்ணெயும் சாம்பாரும் கலந்து, வேலியோரப் பள்ளத்தில் தேங்கி அவள் கிணற்றுக்கு ஊறிவிட்டது. அவள் பலமுறை சொன்னாள். உங்கப்பா பார்ப்போம், செய்வோம் என்றார். ஒரு முகூர்த்தத்தன்று வரவேற்பில் பெண் வீட்டார் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பேச்சியக்கா நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த மேசைமேல் வைத்தாள். என்னைப் பார்த்து, "மண்டபத்துக்காரம்மா, வாரவங்களுக்கெல்லாம் பன்னீர் தெளிக்கீங்கள்லா. என் கிணத்துத் தண்ணியையும் கொஞ்சம் தெளிங்க. உங்க சமையல் வாசந்தான் அடிக்கும்" என்றாள்.

உங்கப்பா ஓடிவந்து, "விசேச வீட்டுல வந்து இப்படிச் செய்யலாமா?" என்றார்.

"எத்தன தடவ உங்க வாசல்ல வந்து சொன்னேன் அண்ணாச்சி. அப்ப விசேசம் ஒண்ணும் இல்ல. நீங்க காதுல வாங்கல."

அவள் சத்தம்கூடப் போடவில்லை. சொல்லிவிட்டுக் குடத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். கூட்டம் முழுக்க அந்தக் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த வாரமே பஞ்சாயத்திலிருந்து ஆள் வந்து, கழிவுத் தண்ணீருக்கு ஒரு வழி செய்யும்வரை மண்டபத்தில் எந்த விசேஷமும் நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் அவள் செய்ததிலும் தப்பில்லை. ஆனால் எனக்கு அவள் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. அவளும் நமக்குப் பூக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

மண்டபம் பூட்டிக்கிடந்த அந்த நாட்களில், கூடத்தில் உட்கார்ந்து நானும் உங்கப்பாவும் பேசிக்கொண்டிருந்தோம். குழாய் போட்டு அந்தப் பக்கம் ஓடையில் விட்டுவிடலாம் என்றார் அவர். "ஓடை எங்க போவுது? குளத்துக்குத்தான. அங்கன ஒரு பேச்சி குடத்தத் தூக்கிட்டு வருவா" என்றேன் நான். அவர் எரிச்சலோடு, "அப்ப நீயே ஒரு வழி சொல்லுளா" என்றார். அப்போது மாடிப்படியிலிருந்து உன் குரல் வந்தது. "நாணல் நட்டா தண்ணி தெளிஞ்சிரும்பா."

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். கடைசிப் படியில் வெறுங்காலோடு நின்றாய். வாரக்கணக்காக நீ எங்களிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது. உங்கப்பா மெதுவாக, "எந்த நாணல்ல? ஆத்துல நிக்குமே, அதா?" என்று கேட்டார். "அதேதான்" என்று சொல்லிவிட்டு, நீ வந்து எங்களோடு தரையில் உட்கார்ந்தாய். ஓமனில் நீ பார்த்த வேலை என்னவென்றே அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது. குழாய் போடும் வேலை என்று மட்டும்தான் அதுவரை தெரியும். பாலைவனத்தில் எண்ணெய் எடுக்கும்போது அதோடு வரும் கெட்ட தண்ணீரை, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை நட்டிருக்கும் நாணலுக்குள் விடுகிறார்கள், ஒரு பக்கம் எண்ணெய் மினுங்க உள்ளே போவது மறுபக்கம் தெளிந்து வருகிறது என்று சொன்னாய். நான், "அந்தப் புல்லு அழுக்கக் குடிச்சிருமாய்யா?" என்று கேட்டேன்.

"அது குடிக்கலம்மா. அதோட தண்டு உள்ள குழல் மாதிரி இருக்கும்லா, அது வழியா மேல உள்ள காத்த அடியில வேருக்குக் கொண்டுபோவுது. வேரச் சுத்தி கண்ணுக்குத் தெரியாத உசுரு கோடிக்கணக்குல இருக்கும். காத்து கிடைச்சா அதுக பிழைச்சுக் கெடந்து அழுக்கத் திங்கும். நாணல் அதுகளுக்கு வீடு."

சொல்லும்போது உன் கை தரையில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "உலகம் பூரா நாலஞ்சு வகைதாம்மா இந்த இனம். அங்க நட்டிருந்ததும் நம்ம தாமிரபரணியில நிக்கதும் ஒண்ணுதான். நான் கண்டுக்கிடல. கயத்தாறு மாடசாமி அண்ணந்தான் முதல்ல பாத்துட்டு, 'தம்பி, இது நம்ம ஊரு நாணல்லா'ன்னாரு. தெனமும் வேல முடிஞ்சா அதுக்குப் பக்கத்துலதான் போய் உக்காருவாரு. நல்ல மனுசரா இருந்தாரு" என்றாய். இருந்தாரு என்ற அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியைக் கேட்டால் நீ எழுந்து மாடிக்குப் போய்விடுவாயோ என்று பயந்து கேட்காமல் இருந்தேன்.

நாணல் எடுக்க ஆழ்வார்திருநகரி ஆற்றுக்குப் போனோமே, அந்தக் காலைநேரம் எனக்கு மறக்காது. லோடு ஆட்டோவில் நீ முன்னால், நான் பின்னால் சாக்குகளோடு. தண்ணீரில் முழங்கால் அளவுக்கு இறங்கி, நான் பெரிய ஆள்போல ஒரு கத்தையை வெட்டிக் காட்டினேன். நீ அதைப் பிளந்து பார்த்து, "இது பேய்க்கரும்பும்மா, உள்ள பஞ்சு மாதிரிச் சோறு இருக்கு பாரு. நாணலுக்கு உள்ள பொந்தா இருக்கும்" என்று தள்ளிவைத்தாய். அதுவரை ஆற்றில் உயரமாக நிற்கும் எல்லாவற்றுக்கும் எனக்கு நாணல் என்றுதான் பெயர். வேரோடு, கணுவோடு, சேற்றுக்குள் படுத்தோடும் அடித்தண்டைத் துண்டு துண்டாக எடுத்து ஈரச்சாக்கில் கட்டினோம். படித்துறையில் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு ஏறிவந்த நாமக்காரப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். "என்னம்மா, மாட்டுக்கா?" என்று கேட்டார். "இல்ல சாமி, கல்யாண மண்டபத்துக்கு" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "நாணலை வெச்சா பந்தல் போடப்போறேள்? தாங்குமோ?" என்றார். நீ சட்டென்று சிரித்துவிட்டாய். பிறகு சாக்கைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டாய். எனக்கு அந்தப் பெரியவர் காலில் விழவேண்டும்போல இருந்தது.

அடுத்து, நாணல் நடக் குழி. ஆக்குப்புரைச் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் இயந்திரம் நுழைய இடமில்லை. சுண்ணாம்புப் பொடியால் நீளமாகக் கோடு போட்டு, இரண்டு ஆளை வைத்துத் தோண்ட ஆரம்பித்தாய். முதல் நாள் முழங்கால் ஆழம் போனது. இரண்டாம் நாள் இடுப்பளவு ஆனதும் நீ அவர்களை மேலே வரச் சொன்னாய். கூலி கொடுத்து, போதும் போங்க என்று அனுப்பிவிட்டாய். என்னடா என்று நான் வந்து பார்த்தால், குழியின் ஓரத்தில் கைகளை முழங்காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நெற்றியெல்லாம் வேர்வை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

அங்கே நாணலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய் பதிக்க ஆளுயரத்துக்கும் மேல் பள்ளம். மணல் மண். இரண்டு பக்கமும் சரியாமல் பலகை வைத்து அண்டக் கொடுக்கவேண்டும். பலகை வந்து சேரவில்லை, வேலையை நிறுத்தக் கூடாது என்று மேலே இருப்பவர் சொல்லிவிட்டார். நீ நேரில் போய்ச் சொல்லி நிறுத்திவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். பள்ளத்துக்குள் மாடசாமி இருந்தார். "அண்ணே, ஏறி நில்லுங்க, நான் கேட்டுட்டு வாரேன்" என்றாய். "குழாயில இந்த ஒரு மூட்டு பாக்கி தம்பி, முடிச்சிட்டு ஏறுதேன். வரும்போது குடிக்கத் தண்ணி கொண்டாங்க" என்றார் அவர். நீ தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தபோது பள்ளமே இல்லை. தரை சமமாக இருந்தது.

அவ்வளவுதான் சொன்னாய். உன்மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அதை உனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள், நீயே சொல்லிப் பார்த்திருப்பாய். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டேன். யோசித்துச் செய்தது இல்லை. உன்னை இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்தக் குழியை அப்படியே விடவும் மனசில்லை. கிடந்த மம்பட்டியை எடுத்து வெட்ட ஆரம்பித்தேன்.

"அம்மா, ஏறு" என்றாய். "ஏறும்மா."

"இடுப்பளவுதாம்ல இருக்கு. தல வெளியதான தெரியுது, பாரு."

நீ கரையில் அங்கும் இங்குமாக நடந்தாய். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. பூப்பறித்துக்கொண்டிருந்த பேச்சியக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எதிர்பாராத ஆள். ரோட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு, வாசல் வழியாக, தன் மம்பட்டியோடு வந்து சேர்ந்தாள். குழிக்குள் இறங்கி, என்னைத் தோளால் இடித்து, "ஏளா, உனக்கு மம்பட்டி பிடிக்கவே வரல. தள்ளு அங்கிட்டு" என்றாள். மண்டபத்துக்காரம்மா போய், ஏளா ஆகிவிட்டேன். நாலு வெட்டு வெட்டிவிட்டு நிமிர்ந்து உன்னைப் பார்த்தாள். "ஏலே, பலகை வச்சாச் சரியாதுன்னு சொன்னேல்லா. ரெண்டு பொம்பளயள உள்ள விட்டுட்டு என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க? போய்க் கொண்டா."

நீ ஓடினாய். மண்டபத்தில் பந்தி போடும் மேசைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்தாய். சத்தம் கேட்டு வந்த உங்கப்பா ஒரு முனையைப் பிடித்தார், நீ மறுமுனையைப் பிடித்தாய். எத்தனையோ பேர் இலை போட்டுச் சாப்பிட்ட பலகைகளை இரண்டு பக்கச் சுவருக்கும் அண்டக் கொடுத்து, நடுவில் கட்டை வைத்து இறுக்கினாய். ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தாய். ஒரு குழந்தையின் தொட்டிலை அசைத்துப் பார்ப்பதுபோல இரண்டாம் முறையும் பார்த்தாய். பிறகு மெதுவாக ஒரு காலை வைத்து இறங்கினாய். நான் உன் பக்கம் திரும்பவில்லை. மண்ணை அள்ளிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் கையிலிருந்த சட்டியை நீ வாங்கிக்கொண்டாய். அன்றைக்குச் சாயங்காலம் நாம் நாலு பேரும் ஆக்குப்புரைத் திண்டில் மண்ணும் வேர்வையுமாக உட்கார்ந்து டீ குடித்தோம். பேச்சியக்கா உங்கப்பாவிடம், "அண்ணாச்சி, சீனி பத்தல" என்றாள். அவர் எழுந்து போய்ச் சீனி எடுத்துவந்தார். அந்தச் சண்டை அதோடு முடிந்தது.

நட்டதும் எல்லாம் நன்றாக நடந்துவிடவில்லை. கனத்த பிளாஸ்டிக் விரித்து, ஜல்லியும் மணலும் நிரப்பி நட்ட துண்டுகள் விரல் நீளம் பச்சை விட்டன. பஞ்சாயத்தில் கேட்டு, சின்னதாக ஒரு வளைகாப்புக்கு மண்டபத்தைத் திறந்தோம். அந்தச் சமையல் தண்ணீர் போன பத்து நாளில் பாதி நாணல் மஞ்சளாகிப் படுத்துவிட்டது. எண்ணெய் பிசுக்கு ஜல்லியை மூடிவிட்டது. நீ மறுபடி மாப்பிள்ளை அறைக்குப் போய்விடுவாயோ என்று நான் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போகவில்லை. செத்ததைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, முன்னால் ஒரு தொட்டி கட்டி எண்ணெய் அதிலேயே மிதந்து தங்கும்படி செய்தாய். ஆற்றுக்கு நீ மட்டும் போய் மறுபடி கொண்டுவந்தாய். அந்த மழைக்காலத்தில் அது பிடித்துக்கொண்டது. தை பிறக்கும்போது என் உயரத்தைத் தாண்டிவிட்டது. மறுமுனைக் குழாயில் தண்ணீர் தெளிந்து விழுந்த அன்று, பேச்சியக்கா கையில் பிடித்து மோந்து பார்த்தாள். "குடிக்க மாட்டேன். பூவுக்கு விடுதேன்" என்றாள். பஞ்சாயத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு மண்டபத்தைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டு மழைக்குப் பிறகு அவள் கிணறும் தேறியது.

அதற்கப்புறம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தி, "கயத்தாறுக்கு ஒரு தடவ போகணும்மா" என்றாய். எப்போது என்று நான் கேட்கவில்லை. நாளைக்கே போவோம் என்றேன்.

மாடசாமியின் மனைவி சண்முகத்தாயின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தோம். பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தவள், நீ யாரென்று சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். உன்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். "இவ்வளவு நாள் ஆச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா தம்பி?" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய். எனக்குப் பதில் சொல்ல நாக்குத் துடித்தது, உனக்காகப் பேசத் துடித்தது. அடக்கிக்கொண்டேன். அது உன்னிடம் கேட்கப்பட்ட கேள்வி, அவளுக்குக் கேட்கும் உரிமை இருந்தது.

"போன்ல ஆக்சிடெண்ட்டுன்னு மட்டும் சொன்னாவ. பெட்டிய ஆணி அடிச்சு அனுப்புனாவ. என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல" என்றாள். நீ சொன்னாய். ஒன்றையும் விடாமல், பலகை வராததை, நீ கேட்கப் போனதை, அவர் ஒரு மூட்டு பாக்கி என்றதை, எல்லாவற்றையும். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "கடைசியா என்ன சொன்னாவ?" என்றாள். நீ நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "குடிக்கத் தண்ணி கொண்டாங்கன்னு சொன்னாரு அக்கா. கொண்டுதான் வந்தேன்" என்றாய்.

அவள் எழுந்து உள்ளே போனாள். போனவள் வரவில்லை. அடுக்களைக்குள் விசும்பும் சத்தம் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று நான் யோசிக்கும்போது, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு செம்பில் தண்ணீரோடு வந்து உன் முன்னால் நின்றாள். "குடிங்க தம்பி" என்றாள். நீ இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, கடைசிவரை குடித்தாய். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் நீ என் தோளில் சாய்ந்து தூங்கினாய். அன்றிரவு நீயாகவே வீட்டில் உன் கட்டிலில் படுத்தாய். உங்கப்பா மறுநாள் காலையில் பழக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று குரல் கொடுக்க, நீ அவருக்குப் பின்னாலிருந்து, "போவம்பா" என்றாய். அவர் என்னிடம் வந்து அதை அன்றைக்கே மூன்று தடவை சொன்னார்.

இப்போது பெங்களூரில் பெரிய பெரிய குடியிருப்புகளின் கழிவுத் தண்ணீருக்கு இதே மாதிரி நாணல் பாத்தி கட்டும் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போ. சந்தோஷமாகப் போ. ஒன்றிரண்டு மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உன் பொறுப்பில் ஆள் இறங்கும் குழி எதுவானாலும், பலகை வந்த பிறகுதான் ஆள் இறங்கணும். மேலே இருப்பவர் நிறுத்தாதே என்றால் நீ நிறுத்து. வேலை போனால் போகட்டும், நம் வீட்டில் சோறு இருக்கிறது, இங்கே பந்தி விசாரிக்கவும் ஆள் வேண்டும். தூக்கம் வராத நாட்கள் மறுபடி வரலாம். வந்தால் சுவரைப் பார்த்துப் படுக்காதே, அங்கே டாக்டரைப் போய்ப் பார். அது காய்ச்சலுக்கு மருந்து வாங்குவதுபோலத்தான். எங்களிடம் மறைக்கவும் வேண்டாம். உன்னைப் படுக்கையில் பார்த்துப் பழகியவள்தான் நான், பதறமாட்டேன். பெண் பார்ப்பதைப் பற்றி உன் அத்தை போனில் கேட்டதற்கு, நீயே ஒருத்தியைப் பார்த்து எங்களிடம் சொல்வாய் என்று நான் சொல்லிவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. நாணலை வருஷத்துக்கு ஒருமுறை எந்த அளவுக்கு வெட்டணும் என்று உங்கப்பாவுக்கும் பேச்சியக்காவுக்கும் நீ காட்டிக் கொடுத்ததில், இரண்டு பேரும் ஆளுக்கொரு அளவு சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. இந்த உறையின்மேல், வண்டி மணியாச்சி தாண்டிய பிறகு பிரி என்று எழுதியிருக்கிறேன். முந்தாநாள் சண்முகத்தாய் எனக்குப் போன் செய்தாள். தம்பி எந்த வண்டிக்குப் போகிறது, கோவில்பட்டியில் நிற்குமா என்று கேட்டாள். நிற்கும் என்றேன். "அவுக வெளிநாடு போகயில பிள்ள வயித்துல இருந்துச்சு. டாக்டர் அலையக் கூடாதுன்னுட்டாரு. ஸ்டேசனுக்குப் போய் வழியனுப்ப முடியல. வாசல்லயே நின்னுட்டேன். அது எனக்கு மனசுல கிடந்து அறுக்குது, மதினி. தம்பியவாவது நின்னு அனுப்பி வைக்கேன். நீங்க முன்னாலயே சொல்லிராதீங்க, வேண்டாம்னுரும்" என்றாள். பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கயத்தாறிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். வண்டி அங்கே அதிக நேரம் நிற்காது. நீ வரும் ரயில் பெட்டி எது என்று நான் சொல்லியிருக்கிறேன், ஆனாலும் கூட்டத்தில் அவள் தேடுவாள்.

நீ இதைப் படித்து முடிக்கும்போது கோவில்பட்டி நெருங்கியிருக்கும். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வை. எழுந்து போய்க் கதவோரம் நில்லு.

அம்மா